குன்னூரில் மீன் விலை ஏறுவதற்கும் பாக் விரிகுடாவில் கடல் புல் அழிவதற்கும் என்ன சம்பந்தம்? கடலின் உணவு வலையைக் காக்கும் மீன்பிடி முறை – முழு விளக்கம்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குன்னூர். கடலே கண்ணில் படாத ஊர். ஆனால் ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், மேட்டுப்பாளையம் – பர்லியாறு மலைப்பாதை வழியாக ஐஸ் பெட்டிகளில் ஏறி வரும் மீனின் வரத்து குறையும், விலை ஏறும். "தடைக்காலம் முடியட்டும், விலை இறங்கிடும்" என்பதுதான் ஒவ்வொரு வருடமும் சொல்லப்படும் சமாதானம்.

ஆனால் தடைக்காலம் முடிந்த பிறகும் சில மீன்கள் பழைய அளவுக்குத் திரும்பி வருவதில்லை என்றால்? ஏழை வீட்டு மீன் என்று பெயர் எடுத்த மத்தி, ஒரு சில ஆண்டுகளிலேயே காணாமல் போனது ஏன்? 61 நாள் தடை மட்டும் போதுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகத்தான் உலகம் முழுக்க ஒரு புதிய அணுகுமுறை பேசப்படுகிறது. 'சூழல் அமைப்பு சார்ந்த மீன்வள மேலாண்மை' என்பது அதன் பெயர். பெயர் கொஞ்சம் நீளம். விஷயம் எளிமையானதுதான்.

அப்படின்னா என்ன?

இதுவரை மீன்வளத்தை நிர்வகித்த முறை ஒவ்வொரு மீனாகக் கணக்குப் பார்ப்பது. கடலில் இந்த மீன் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம், எவ்வளவு விட்டு வைக்கலாம் என்று மீனுக்கு மீன் தனித்தனியாகக் கணக்குப் போடுவார்கள். கணக்கு சரியாக இருந்தால் அந்த மீன் தப்பிக்கும் என்பது நம்பிக்கை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. எந்த மீனும் தனியாக வாழ்வதில்லை. அது எதையோ சாப்பிடுகிறது, அதை எதுவோ சாப்பிடுகிறது. அது குஞ்சு பொரிக்க ஒரு இடம் வேண்டும், ஒளிந்து வளர ஒரு இடம் வேண்டும். மீனை மட்டும் கணக்கில் வைத்து, அதன் சாப்பாட்டையும் வீட்டையும் மறந்துவிட்டால் கணக்கு தப்பும்.

நீலகிரி மக்களுக்கு இதைப் புரிய வைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்து இருந்தால்தான் ஓடையில் கோடையிலும் தண்ணீர் ஓடும். புல்வெளியில் சீகை மரமும் கற்பூர மரமும் பரவியபோது குறைந்தது புல் மட்டும் அல்ல. அந்தப் புல்லை நம்பியிருந்த உயிர்களும் சேர்ந்து நெருக்கடிக்கு ஆளாகின. ஒரே ஒரு விலங்கைக் காப்பாற்ற நினைத்தாலும் அந்தக் காட்டையே காப்பாற்ற வேண்டும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

கடலிலும் அதே கதைதான். பவளப்பாறை, கடல் புல், அலையாத்திக் காடு, முகத்துவாரம் ஆகியவை கடலின் சோலைகள். இவற்றையும், மீன்களுக்கு இடையிலான சாப்பாட்டு உறவையும், அவற்றை நம்பி வாழும் மனிதர்களையும் ஒரே கணக்கில் கொண்டு வருவதுதான் புதிய முறை. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1995-ல் பொறுப்பான மீன்பிடிப்புக்கான நடத்தை விதிகளை வெளியிட்டது. இந்த அணுகுமுறைக்கான தனி வழிகாட்டுதல்களை 2003-ல் கொண்டு வந்தது. இந்தியாவின் 2017-ம் ஆண்டு தேசிய கடல் மீன்வளக் கொள்கையும் இந்தத் திசையையே பேசுகிறது.

கடலின் உணவு வலை எப்படி இயங்குகிறது?

அடித்தட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். சூரிய ஒளியும் நீரில் கரைந்த சத்துகளும் இருந்தால் இவை பெருகும். மிதவைப் பாசிகளையும் நுண்ணுயிர்களையும் மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் சாப்பிடும். இந்தச் சிறு மீன்களை வஞ்சிரம், சூரை, பாறை, வாளை போன்றவை சாப்பிடும். உச்சியில் சுறா இருக்கும்.

இதனால்தான் மத்தியையும் நெத்திலியையும் விஞ்ஞானிகள் 'தீவன மீன்' வகையில் சேர்க்கிறார்கள். இவை குறைந்தால் பாதிப்பு மத்தி சாப்பிடுகிறவர்களோடு நிற்காது. வஞ்சிரத்துக்கும் சாப்பாடு குறையும், கடற்பறவைக்கும் குறையும், டால்பினுக்கும் குறையும். கீழ்த்தட்டில் ஏற்படும் பள்ளம் மேல்தட்டு வரை போகும்.

மேலிருந்து கீழாகவும் இது நடக்கும். வேட்டையாடும் பெரிய மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டால், அவை கட்டுக்குள் வைத்திருந்த உயிரினங்கள் திடீரெனப் பெருகும். வட பசிபிக் கடலோரத்தில் ரோமத்துக்காகக் கடல் நீர்நாய்கள் வேட்டையாடப்பட்டபோது, அவை தின்றுவந்த கடல் முள்ளெலிகள் பெருகிப் பாசிக் காடுகளை மேய்ந்து தீர்த்தன. அந்தக் காட்டில் வாழ்ந்த மீன்களுக்கும் இடமில்லாமல் போனது. வேட்டையாடியது ஒரு விலங்கை, காலியானது ஒரு காடு.

பெரிய மீன் தீர்ந்ததும் அதற்கு அடுத்த தட்டு, அதுவும் தீர்ந்ததும் அதற்கும் கீழ்த்தட்டு என்று மீன்பிடிப்பு இறங்கிக்கொண்டே போவதை 1998-ல் டேனியல் பாலி என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் உலக அளவில் சுட்டிக்காட்டினார்கள். உணவு வலையின் படிகளில் மீன்பிடிப்பு கீழே இறங்குகிறது என்பது அவர்கள் சொன்னது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2005-ல் இந்தியக் கடலோரத்தில் இதே கேள்வியை ஆராய்ந்தபோது, தமிழ்நாடு உள்ளிட்ட தென்கிழக்குக் கரையில் அந்த இறக்கம் தெரிந்தது.

மத்தி எங்கே போனது?

உணவு வலை குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

கேரளாவில் 2012-ல் சுமார் 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் பிடிபட்டது வெறும் 3,297 டன். 1994-க்குப் பிறகு அதுதான் மிகக் குறைந்த அளவு. ஒன்பதே ஆண்டுகளில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே!

காரணம் ஒன்றல்ல. கடல் வெப்பநிலை மாற்றம், மழைப்பொழிவில் மாற்றம், அடி ஆழத்திலிருந்து சத்தான நீர் மேலே வருவதில் ஏற்படும் ஏற்ற இறக்கம் ஆகிய எல்லாமே மத்தியைப் பாதிக்கும். இந்தச் சரிவில் எல் நினோவுக்கும் பங்கு உண்டு என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. ஆனால் இயற்கை கைவிட்ட நேரத்தில் மனிதனும் கைவிட்டதுதான் சிக்கல். முட்டையிடும் வயதுக்கு வராத குஞ்சு மத்திகளும் பெருமளவில் அள்ளப்பட்டன.

2021-க்கு முன்பே கேரளா குறைந்தபட்ச பிடி அளவை 58 வகை மீன்களுக்குக் கொண்டு வந்திருந்தது. மத்தி என்றால் 10 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் பிடிக்கக் கூடாது. 2022-ல் மத்தி வரத்து மறுபடியும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. விதிகள் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது, கடல் நிலைமையும் சாதகமாக மாறியது. ஆனால் குஞ்சுகள் மிஞ்சியிருந்தால்தான், நல்ல காலம் வரும்போது கூட்டம் பெருக முடியும்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. இரண்டு இலை ஒரு மொட்டு என்று பறித்தால் செடி தொடர்ந்து தளிர்க்கும். அடுத்த சுற்றுக்கு விடாமல் எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் செடி நோஞ்சானாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து செடிக்கு ஓய்வும் தர வேண்டும். கடலிலும் தடைக்காலம் ஒரு கவாத்து மாதிரி. ஆனால் கவாத்து முடிந்த மறுநாளே வேரோடு பிடுங்கினால் என்ன பயன்?

பாக் விரிகுடாவில் நடந்தது என்ன?

ராமேஸ்வரத்துக்கு வடக்கே, தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவில் இருக்கிறது பாக் விரிகுடா. பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டருக்கும் குறைவு. வெயில் அடிமட்டம் வரை இறங்குவதால் கடல் புல் வளர ஏற்ற இடம். இறாலும் நண்டும் மீன் குஞ்சுகளும் ஒளிந்து வளரும் தொட்டில் இந்தப் புல்வெளிதான். அதை மேய்ந்து வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கும் அதுவே வீடு. வளர்ந்த ஒரு ஆவுளியா நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை கடல் புல்லைச் சாப்பிடும்.

1960-களிலும் 70-களிலும் இந்த ஆழம் குறைந்த கடலுக்குள் விசைப்படகுகளும் இழுவை மடிகளும் வந்தன. வெளிநாட்டில் இறாலுக்கு நல்ல விலை. அரசே மானியம் கொடுத்து ஊக்குவித்தது. ஏற்றுமதி வளர்ந்தது, துறைமுக ஊர்களில் பணம் புழங்கியது.

ஆனால் இழுவை மடி என்பது கடல் தரையை உரசிக்கொண்டே போகும் வலை. இறாலைத் தேடிப் போகும்போது கடல் புல்லும் பெயர்ந்து வரும், பவளமும் உடையும். கூடவே விற்க முடியாத குஞ்சு மீன், சிறு நண்டு, சங்கு, சிப்பி எல்லாம் சேர்ந்து வரும். இதற்கு ராமேஸ்வரம் பக்கம் 'சங்காயம்' என்று பெயர்.

சங்காயம் வீணாகப் போவதில்லை. காய வைத்துக் கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் போகிறது. குன்னூர் கடையில் வாங்கும் முட்டைக்குப் பின்னாலும் இந்தச் சங்கிலி இருக்கலாம். வளர விட்டிருந்தால் மனிதனுக்கு உணவாகியிருக்க வேண்டிய மீன், குஞ்சாகப் பிடிபட்டு கிலோவுக்குச் சில ரூபாய்க்குத் தீவனமாகிறது. மீனவருக்கும் நஷ்டம், கடலுக்கும் நஷ்டம், சாப்பிடுபவருக்கும் நஷ்டம்.

இன்னொரு விளைவு எல்லை தாண்டியது. இந்தியப் பக்கம் மீன் குறையக் குறைய, விசைப்படகுகள் இலங்கைப் பக்கம் போயின. அங்கே போர் முடிந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு கடலுக்குத் திரும்பியிருந்த வடக்கு மாகாணத் தமிழ் மீனவர்களின் வலைகள் அறுபட்டன. இலங்கை 2017-ல் இழுவை மடி மீன்பிடிப்பைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. கைது, படகு பறிமுதல், சிறை என்று செய்திகளில் அடிக்கடி வருவதற்குப் பின்னால் எல்லைப் பிரச்சினை மட்டும் இல்லை. ஒரு கடலின் உணவு வலை தேய்ந்துபோன கதையும் இருக்கிறது. இரண்டு பக்கமும் பாதிக்கப்படுவது தமிழ் மீனவர்கள்தான்.

தமிழ்நாட்டில் இப்போது என்னென்ன விதிகள் இருக்கின்றன?

*மீன்பிடித் தடைக்காலம்:* தமிழ்நாட்டில் 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கியது. 2017 முதல் 61 நாட்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது.

*மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம்:* 1983-ல் கொண்டு வரப்பட்டது. கரையை ஒட்டிய கடல், நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. பாக் விரிகுடாவில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற முறையும் நடைமுறையில் உண்டு.

*தடை செய்யப்பட்ட வலைகள்:* இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்குத் தடை. சுருக்குமடி வலைக்கு மாநில அரசு 2000-ம் ஆண்டிலேயே தடை விதித்தது. இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்கள் மட்டும், பகலில் மட்டும் என்ற நிபந்தனைகளோடு 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி கிடைத்தது.

*பாதுகாக்கப்பட்ட பகுதிகள்:* ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. 1989-ல் அந்த வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. 2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது.

*பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள்:* கடல் அட்டை, கடல் குதிரை, சில வகை சுறா மற்றும் திருக்கைகள் 2001-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் உச்சபட்ச பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இவற்றில் கடற்பசு பாதுகாப்பகத்தைக் கவனித்தால் புதிய அணுகுமுறை புரியும். பெயரில் இருப்பது கடற்பசு. ஆனால் காக்கப்படுவது அது மேயும் புல்வெளி. புல்வெளி பிழைத்தால் இறால் குஞ்சு பிழைக்கும். இறால் குஞ்சு பிழைத்தால் பக்கத்துக் கிராமத்து நாட்டுப்படகு மீனவரின் வலையில் மீன் விழும்.

மீனவர்களுக்கு இது புதுசா?

இல்லை. அரசு சட்டம் போடுவதற்கு முன்பே கடலோரக் கிராமங்களில் கட்டுப்பாடுகள் இருந்தன. ஊர்ப் பஞ்சாயத்துதான் எந்த வலையைப் போடலாம், எந்த இடத்தில் போடக் கூடாது என்று முடிவு செய்யும்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்ற முறை இன்றும் பேசப்படுகிறது. ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்களை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவர் நாளை வேறு இடத்துக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் பங்கு, ஒரே இடத்தில் எல்லோரும் மொய்ப்பதும் இல்லை.

மன்னார் வளைகுடாவில் முங்கி எடுத்துப் பாசி சேகரிக்கும் பெண்களும் இதுபோல மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலுக்குள் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர நேரம் வேண்டும் என்பது அவர்கள் அனுபவத்தில் கற்றது.

சூழல் அமைப்பு சார்ந்த மேலாண்மையில் இந்த அறிவுக்கு இடம் உண்டு என்பதுதான் முக்கியம். எந்த மாதம் எந்த மீன் எங்கே முட்டையிடும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்களை மேஜையில் உட்கார வைக்காமல் போடும் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

உலகம் கற்ற பாடம் என்ன?

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் காட் என்ற மீன் நூற்றாண்டுகளாக அள்ள அள்ளக் குறையாமல் கிடைத்தது. ஒற்றை மீன் கணக்குப்படி 'இவ்வளவு பிடிக்கலாம்' என்று அரசு ஒதுக்கீடு கொடுத்துவந்தது. கணக்கு தப்பியது. 1992 ஜூலையில் காட் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். வணிக ரீதியான மீன்பிடிப்பை, அதுவும் குறைந்த அளவில், மறுபடி திறக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காட் தின்னும் கேப்லின் என்ற சிறு மீனும் குறைந்துபோனது, காட் மீண்டு வர இவ்வளவு காலம் ஆனதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு உதாரணம் அண்டார்டிகா. அங்கே கிரில் என்ற சிறு இறால் போன்ற உயிரினம்தான் திமிங்கிலத்துக்கும் பெங்குவினுக்கும் சீலுக்கும் சாப்பாடு. 1982-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம், மனிதன் எவ்வளவு பிடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும்போது மற்ற உயிர்களின் பங்கையும் கழித்துவிட்டே கணக்குப் போட வேண்டும் என்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு.

அப்புறம் ஏன் சிக்கல் தீரவில்லை?

முதல் காரணம், அமலாக்கம். சட்டத்தில் தடை செய்யப்பட்ட வலைகள் கடலில் புழங்குகின்றன என்று நாட்டுப்படகு மீனவர்கள் தொடர்ந்து புகார் சொல்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீளமான கரையில், 600-க்கும் அதிகமான மீனவ கிராமங்கள் உள்ள மாநிலத்தில், ஒவ்வொரு மடியின் கண்ணி அளவையும் அதிகாரிகள் பார்ப்பது சாத்தியமில்லை.

இரண்டாவது, எல்லா மீனும் ஏப்ரல், மே மாதத்தில்தான் முட்டையிடும் என்று இல்லை. ஒவ்வொரு வகைக்கும் காலம் வேறு, இடமும் வேறு. ஒரே தேதியில் கடல் முழுவதையும் மூடுவது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் உணவு வலையைப் பார்த்தால், முட்டையிடும் இடங்களைத் தனியாகக் கண்டுபிடித்துப் பாதுகாப்பதும் தேவை.

மூன்றாவது, மாற்று வழி. பாக் விரிகுடா இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை பிடிக்கும் படகுகளாக மாற்ற 2017-ல் திட்டம் வந்தது. இலக்கு 2,000 படகுகள். 70 சதவீதம் வரை மானியமும் உண்டு. ஆனால் நிறைவேறியது இலக்கில் சிறு பங்குதான். காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவர்களுக்கு, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குவது வேறு தொழில். டீசல், ஐஸ், ஆள் கூலி, கடன் தவணை எல்லாமே கூடுதல். பழைய தொழிலை விடச் சொல்லும்போது புதிய தொழிலில் சோறு கிடைக்கும் என்ற உறுதி வேண்டும்.

நான்காவது, நல்ல செய்தியே திசை திருப்பலாம். இந்தியக் கடலில் 2022-ல் ஆராயப்பட்ட 135 மீன் இருப்புகளில் 91.1 சதவீதம் ஆரோக்கியமாக இருப்பதாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கணித்தது. இது உண்மையிலேயே ஆறுதலான செய்தி. ஆனால் மீன் இருப்பு சரியாக இருப்பதும், அந்த மீனின் வீடு சரியாக இருப்பதும் ஒன்றல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. 2010-லும் 2016-லும் கடல் சூடேறியதால் பவளப்பாறைகள் வெளிறின. வலையில் சிக்கும் ஆமைகளின் கதையும் இதுதான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் கணக்கில் இவை எதுவும் வராது.

சரி, குன்னூர்க்காரர்கள் என்ன செய்ய முடியும்?

முதல் தொடர்பு தண்ணீர். நகரின் நடுவே ஓடும் குன்னூர் ஆறு, மேட்டுப்பாளையம் அருகே பவானியில் கலக்கிறது. பவானி, பவானிசாகர் அணையைக் கடந்து கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. காவிரியும் அதன் கிளையான கொள்ளிடமும் வங்கக் கடலில் போய் முடிகின்றன. கொள்ளிடம் கடலைத் தொடும் இடத்துக்கு அருகில்தான் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கும் இடம் அது.

நல்ல தண்ணீர் கடலில் கலப்பது வீண் என்று பலர் நினைக்கிறார்கள். கடலோர உணவு வலைக்கு அதுதான் சாப்பாடு. ஆறு கொண்டு வரும் வண்டலிலும் சத்திலும்தான் மிதவைப் பாசி பெருகுகிறது. முகத்துவாரத்தில் உப்பும் நன்னீரும் சரியாகக் கலந்தால்தான் அலையாத்தி வளரும். அணைகளும் தடுப்பணைகளும் நிறைந்த ஆற்றில் கடலுக்குப் போய்ச் சேருவது குறைவு. அந்தக் கொஞ்சத்திலும் சாக்கடையும் குப்பையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். நீலகிரியில் நீண்ட காலமாக அமலில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டுப்பாடு மலையை மட்டும் காப்பதல்ல, அதன் பலன் ஆற்றின் கடைசி வரைக்கும் போகிறது.

இரண்டாவது தொடர்பு சந்தை. வாங்குகிறவர் கேட்கும் மீன்தான் வலையில் தேடப்படும். கடையில் கவனிக்க வேண்டியவை மூன்று.

- விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு சங்கரா, குஞ்சு வஞ்சிரம், குஞ்சு மத்தி விலை குறைவு என்று வாங்காமல் இருப்பது. நெத்திலி, காரல் போன்றவை வளர்ந்தாலும் சிறியவைதான், அவற்றைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.
- வஞ்சிரம், வவ்வால் என்று இரண்டு மூன்று மீன்களையே கேட்காமல், அந்தந்தப் பருவத்தில் அதிகம் கிடைக்கும் மீனை வாங்குவது. ஒரே மீன் மேல் விழும் சுமை குறையும்.
- தடைக்காலத்தில் விலை ஏறுவதை 61 நாள் தொந்தரவாக மட்டும் பார்க்காமல் இருப்பது. அந்த நாட்களில் நாட்டுப்படகில் பிடித்த மீனும், குளத்து மீனும், கருவாடும் கிடைக்கும்.

சுருக்கமாக...

ஒவ்வொரு மீனாகக் கணக்குப் பார்க்கும் முறை, மீனின் சாப்பாட்டையும் வீட்டையும் கணக்கில் எடுக்கவில்லை. புதிய முறை மீன், அதன் உணவு, அது வளரும் இடம், அதைப் பிடிக்கும் மனிதன் ஆகிய நான்கையும் ஒன்றாகப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான சட்டங்கள் பெரும்பாலும் இருக்கின்றன, பாதுகாப்பகங்களும் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் வேலையும், விதியைக் கடைப்பிடிக்கும் மீனவருக்கு வருமானம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும்தான் பாக்கி.

வலையைச் சுருக்கச் சொல்வது சுலபம். அதைச் சுருக்கும் மீனவர் வீட்டில் அந்த மாதம் அடுப்பு எரிய யார் பொறுப்பு என்பதற்குப் பதில் கிடைக்கும் வரை, கடற்பசுவுக்காக ஒதுக்கிய 448 சதுர கிலோமீட்டரின் எல்லைக்கோடு வரைபடத்தில் மட்டும்தான் உறுதியாக இருக்கும்.